அழகிக்கு இன்னும் வராதது

2.8.1971
மார்க் அட்டையில் கைநாட்டு வாங்கினால் மட்டும் போதாதாம். காலாண்டுப் பரீட்சைக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. தலைமையாசிரியர் தண்டாயுதபாணி சார் அதைப் படித்துக் காட்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "எப்படியாச்சும் போயிட்டு வந்துருங்க டீச்சர். நானும் பதில் எழுதணும்ல."

மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மூன்றும் நான்கும் ஒரே அறையில், என் தலையில். சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. இதில் வீடு வீடாக எங்கே போவது?

5.8.1971
மூன்று வீடு போனேன். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் என்னை ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவள் என்று நினைத்து, ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில், வாய்ப்பாடு வரவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் பையனை அடித்துவிட்டான். தடுக்கப் போன என் கையிலும் ஒன்று விழுந்தது.

அடுத்த முறை அந்த வீட்டில் என்ன சொல்வேன்? நன்றாகப் படிக்கிறான் என்றா?

6.8.1971
கால் வலி. எங்கும் போகவில்லை.

13.8.1971
இன்று ஒரு நல்ல சேதி சொல்லும் பாக்கியம் கிடைத்தது. நாலாம் வகுப்பு அழகி எதைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் பொன்னுத்தாயி செக்காலைத் தெருவில் தேனம்மை ஆச்சி வீட்டில் வேலை பார்க்கிறாள். அங்கேயே போனேன். பின்கட்டில் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்மக எல்லாம் படிச்சிருவா பொன்னுத்தாயி. வகுப்பிலேயே அவதான் முதல்" என்றேன்.

"நெசமாவா டீச்சர்?" சாம்பல் கையோடு அப்படியே நின்றாள்.

அதற்குள் ஆச்சி உள்ளே கூப்பிட்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. "கடுதாசி படிக்குமா அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். "கடுதாசி என்ன ஆச்சி, பேப்பரே படிப்பா!" என்றேன். எனக்கென்ன அத்தனை பெருமை! காபி கொடுத்தார்கள். நடந்து வந்த அலுப்பே தெரியவில்லை.

20.8.1971
வாரம் பூராவும் அழகி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

26.8.1971
காய்ச்சல் இல்லை. ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஆச்சிக்குப் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறாள். தலை சீவி, புது ரிப்பன் கட்டி. என்னைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக வாசித்தாள். நான் மெச்சிக்கொள்வேன் என்று நினைத்தாள் போல.

பொன்னுத்தாயியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்கதான டீச்சர் சொன்னீக, எல்லாம் படிச்சிருவான்னு? அப்புறம் படிக்கிறதுக்கு என்ன இருக்கு? இங்கின பிள்ளை என் கண்ணு முன்னால இருக்கு. தீவாளிக்குப் பாவாடை எடுத்துத் தாரேன்னுருக்காக."

ஆச்சியிடம் போனேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பிள்ளையக் கட்டியா போட்டுருக்கேன்? பெத்தவ அனுப்புனா போகட்டும். அந்திக்கு வந்து வாசிச்சாப் போதும் எனக்கு."

பெத்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அண்டாவைத் தேய்க்கப் போய்விட்டாள்.

அவள் மேல் என்ன தப்பு? சொன்னது யாரு? நாந்தானே! என் வாய்தானே! — ஒரு பிள்ளையை அடி வாங்க வைத்தேன், ஒரு பிள்ளையை நிறுத்த வைத்தேன். இதுக்குத்தானா இந்தக் காலை இழுத்துக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சேன்?

27.8.1971
"பெற்றோரைச் சந்தித்தாயிற்று, திருப்தி என்று எழுதிரவா?" என்று கேட்டார் சார். தலையாட்டினேன்.

வீட்டில் என் கணவர் கருத்தையா, "போன பிள்ளை போகட்டும், நீ என்ன செய்வ?" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். வெந்நீரில் காலை வைத்தபடியே தூங்கிப்போனேன்.

30.8.1971
யோசித்துப் பார்த்தால், நான் சொன்னது பாதிதான். அழகிக்கு வகுத்தல் வராது. வாசித்ததற்குப் பொருள் கேட்டால் விழிப்பாள். பிள்ளைக்கு எது வரும் என்று சொன்னேனே தவிர, எது இன்னும் வரவில்லை என்று சொல்லவே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் காலே வைக்காதவளுக்கு வகுத்தலை எப்படிச் சொல்வது?

சாயங்காலம் ஆச்சி வீட்டுக்குப் போய், ஒரு காலைப்பொழுது வந்து வகுப்பில் உட்கார்ந்து பார் என்று பொன்னுத்தாயியைக் கூப்பிட்டேன்.

"நான் அங்குட்டு வந்து என்னத்தக் கண்டேன் டீச்சர்?"

"சும்மா பாரு. அம்புட்டுத்தான்."

3.9.1971
வந்துவிட்டாள், மகளையும் கூட்டிக்கொண்டு. நாற்காலியைத் தள்ளிப் போட்டேன், உட்கார மாட்டேன் என்றாள். கடைசியில் பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கணக்குப் புத்தகத்தை அழகியிடம் கொடுத்தேன். தேங்காய்களைக் கூடைகளுக்குச் சமமாகப் பிரிக்கும் கணக்கு. தண்ணீர் ஓடுவதுபோல வாசித்தாள். தாய் முகம் மலர்ந்தது. பிறகு பிள்ளை கரும்பலகையில் சாக்பீஸை வைத்தாள். வைத்த இடத்திலேயே நின்றாள்.

"வாசிச்சியில்ல, போடு" என்றாள் பொன்னுத்தாயி.

"வராதும்மா." அழுதுவிட்டாள்.

அந்த அழுகையைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தேன். பாதிதான் பிடிபட்டது. மணி அடிக்கிறவரை பொன்னுத்தாயி அசையவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "வாய் வாசிக்குது. உள்ள ஏறல. அப்படித்தான டீச்சர்?"

"ஆமா."

"இதையும் அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல."



6.9.1971
அழகி வந்தாள். ஆச்சிக்கு அந்தியில் வாசிக்கிறாளாம்.

10.9.1971
பள்ளி விடும் நேரத்தில் பொன்னுத்தாயி வாசலில் நின்றாள். "இந்த வாரம் என்ன வந்துச்சு, என்ன வரல?" என்று கேட்டாள். இரண்டையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

8.10.1971
எல்லா வெள்ளிக்கிழமையும் வருகிறாள். இன்று அவளோடு இன்னும் இரண்டு தாய்மார். வாய்ப்பாட்டுப் பையனின் அம்மா காளியாயி என் காதருகே, "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க டீச்சர், அவுகளுக்குத் தெரிய வேணாம்" என்றாள். சொன்னேன்.

19.11.1971
வாரம் பூராவும் உடம்பு கொதிப்பு. லீவு எடுத்தால் இரண்டு வகுப்பையும் பார்க்க ஆள் இல்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்து, பார்த்து எழுதச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்து நாளும் அப்படியே.

சாயங்காலம் பொன்னுத்தாயி வந்து நின்றாள். வழக்கமான கேள்வி. எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது ஒரு பொய்.

"இந்த வாரம் நான் ஒண்ணும் நடத்தல பொன்னுத்தாயி. முடியல."

"மேலுக்குச் சொகமில்லையா? கசாயம் வச்சுக் குடிங்க" என்றாள். இரண்டு எட்டு போனவள் திரும்பி, "அடுத்த வெள்ளி வாரேன்" என்றாள்.

21.11.1971
ஞாயிறு. காய்ச்சல் விட்டிருக்கிறது, அசதி விடவில்லை. நாலாம் வகுப்புக்குப் பின்னம் ஆரம்பிக்க வேண்டும். சாப்பிட்டதிலிருந்து அட்டையை வட்டம் வட்டமாக வெட்டி, அரையும் காலுமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"இம்புட்டு மெனக்கெடுறியே, பள்ளிக்கூடத்துக்கு யாரும் பெரிய ஆளு வாராகளா?" என்றார் கருத்தையா.

"பொன்னுத்தாயி வருவா" என்றேன்.