ஆடு தின்ற மஞ்சள்

அக்கா,

நாளை பொங்கல். ராமநாதபுரம் சந்தையில் மஞ்சள் விற்கிற கடைக்காரம்மா, நான் கேட்காமலே இரண்டு கொத்து எடுத்து நீட்டினார். "ஒங்கக்காவுக்கும் சேத்துத்தானே?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். பச்சை மஞ்சள் வாசனை சட்டையெல்லாம் ஏறிவிட்டது.

நீ தேவிபட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். அரிசி, வெல்லம், கரும்பு பற்றியெல்லாம் உனக்குக் கவலையில்லை. "ஏலே, மஞ்சக் கொத்த மட்டும் எலை ஒடியாம கொண்டாந்துரு" என்பாய். தம்பி கொண்டுவரும் மஞ்சள்தான் உன் பானைக் கழுத்தில் ஏற வேண்டும். கூட்டமான பஸ்ஸில் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வருவேன்.

போன பொங்கலுக்கு வரவில்லை. என் மகன் காதுகுத்துப் பந்தியில், எல்லார் முன்னாலும், "கறியில உப்பே இல்லையேடா" என்று சொல்லிவிட்டாய். அதற்குத்தான் அத்தனை ரோஷம். பொங்கலன்று காலையில் போன் போட்டாய்.

"பஸ் கெடைக்கலயாடா?"

"வேலை கெடக்கு. வரல."

"சரிய்யா, வேலையப் பாரு" என்றாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கிளம்பியிருப்பேன்.

ஆடியில் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, பொங்கலன்னைக்கு நான் கடைக்குப் போய்ட்டு வாரதுக்குள்ள சீரை வச்சிட்டு பஸ் ஏறிட்டீக. நீங்க கொண்டாந்த மஞ்சளை ஆடு தின்னுபோச்சுன்னு, பானைக்கு வெறும் நூலைக் கட்டிப் பொங்க வச்சா ஒங்கக்கா. அம்புட்டு அழுகை."

அரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் நீயே வாங்கி வைத்து, நான் கொண்டுவந்ததாகச் சொல்லியிருக்கிறாய். உன் புகுந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது உனக்கு. ஆனால் நீயே வாங்கிய மஞ்சளை என் மஞ்சள் என்று கட்ட மட்டும் மனம் வரவில்லை.

"ஆமா மச்சான், பாழாப்போன ஆடு" என்றேன். இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

தேவிபட்டினம் பஸ் இப்போதுதான் என்னைத் தாண்டிப் போனது. இரண்டு கொத்தையும் இலை ஒடியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்றைக்குக் கறியில் உப்பு இல்லைதான், அக்கா.