இருபத்தோரு டைல் போதும் என்றார்

செவிலிமேடு,
சனிக்கிழமை

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். அழாமல் படி.

போன ஆவணியிலேயே ஆரம்பித்திருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை. பாலாற்றுப் பக்கம் ஒரு புது வீட்டு ஹாலுக்கு அப்பா கணக்குச் சொல்லி வாங்கிய டைல் பாதி ஹாலோடு தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கப் போனால் அதே நிறம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் சத்தம் போட்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அப்பாவோடு இருபது வருஷமாக வேலை செய்கிற அந்தோணி மாமா என்னிடம் வந்து, மேஸ்திரிக்கு என்னமோ ஆவுது தங்கச்சி, கணக்கு தப்புத் தப்பா சொல்லிக்கினு இருக்காரு என்றார். நான் அவரையே திட்டி அனுப்பினேன். வாசலில் நின்று அறையைப் பார்த்தே எத்தனை பெட்டி டைல் ஆகும் என்று சொல்கிற மனுஷனாயிற்றே உன் அப்பா.

நீ தை மாதம் குழந்தையோடு வருகிறாய் என்றதும், உள்ரூம்ல சிமெண்டு பேந்து கெடக்குது, கொழந்த தவழ்ந்தா முட்டி கீறிக்கும் என்று அவரே டைல் போடக் கிளம்பினார். அறை பதினோரு அடிக்குப் பத்து அடி, டைல் இரண்டடிக்கு இரண்டடி. அளந்தார், சுவரில் பென்சிலால் எழுதினார், இருபத்தோரு டைல் போதும் என்றார். நீளத்தையும் அகலத்தையும் பெருக்காமல் கூட்டியிருக்கிறார். பெருக்கணும் இல்ல என்று மெதுவாகக் கேட்டேன். பென்சிலைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எத எதால பெருக்கணும், நீ சொல்லேன் ரேணு என்றார். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நூற்றுப்பத்து சதுர அடி, ஒரு டைல் நாலு சதுர அடி, இருபத்தேழரை வருகிறது, அதை இருபத்தெட்டாக வைத்து, வெட்டுக்கும் உடைசலுக்கும் மூன்று சேர்த்தால் முப்பத்தொன்று, பெட்டிக்கு நாலு என்றால் எட்டுப் பெட்டி என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கரெக்டா சொல்றியே, யாரு கத்துக்குடுத்தா என்று கேட்டார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் பாப்பா.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி நோய்தானாம், போகப்போக அதிகமாகுமாம், மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், குணமாக்காது என்றார். பிரஷர் மாத்திரை என்று பொய் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அறைக்கு அப்பாவும் அந்தோணி மாமாவும்தான் டைல் போட்டார்கள். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, கையால் தடவினால் மேடு பள்ளம் இல்லை. நேற்று சாயங்காலம் கடைசி டைலைத் தட்டி உட்கார வைத்தவர், கை கழுவிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். வேலை முடிஞ்சிடுச்சுங்கம்மா, மூணு நாளைக்கு யாரும் மேல நடக்காம பாத்துக்குங்க, நாங்க கெளம்புறோம் என்றார். விளையாடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. அந்தோணி மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரிங்க மேஸ்திரி, டீ குடிச்சிட்டுப் போங்க என்றேன், வேறு என்ன சொல்லட்டும்? டீயைக் குடித்து முடிப்பதற்குள் தெளிந்துவிட்டது, சக்கர கம்மியா இருக்குது ரேணு என்றார்.

தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாப்பிள்ளையிடம் சொல்லி லீவு கிடைத்தால் முன்னாலேயே வா. வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, அது அப்பாவுக்கும் பிடிக்காது. குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. போன் எடுத்ததும் யாருன்னு சொல்லு பாக்கலாம் என்று அப்பாவிடம் விளையாடுவாயே, இனிமேல் அப்படிக் கேட்காதே. நான் தீபிகா பேசறேன்பா என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசு.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்