துடைக்காமல் விட்ட நுரை

மார்ச் 3, திங்கள்
டாக்டரம்மாவின் கார் வந்தது. பதினோரு வருடமாக அந்தச் சாவி என் கைக்குத்தான் வரும். இன்று என்னைத் தாண்டிப் போயிற்று. "உங்க மச்சினன் கம்ப்யூட்டர் வச்சே கண்டுபிடிச்சிடுவாராமே?" என்றார். இந்த ஒர்க்‌ஷாப்பில் அவனைச் சேர்த்துவிட்டது நான்தான், ஐந்து வாரம் முன்பு. கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவர்களைப் பற்றி வரலாற்றில் நிறையப் படித்திருக்கிறேன்.

மார்ச் 4
ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் வண்டி. காலையில் பார்த்தால் இடது பின்பக்கம் தரையோடு அமர்ந்திருக்கிறது. மச்சினன் ஸ்கேனரைச் செருகினான். பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் அளவுமீறிச் சூடாகிறது என்றது. முதலாளி அவன் முதுகில் தட்டினார். என் முதுகும் அருகில்தான் இருந்தது.

மார்ச் 5
புது கம்ப்ரசர் போட்டான். கார் கம்பீரமாக எழுந்தது. வழக்கம்போல் மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கை இடிக்கச் சாப்பிட்டான். வீட்டில் மனைவி, "முதலாளி என் தம்பியப் பத்தி என்ன சொன்னார்?" என்றாள். அவளுக்குத் தெரியும், என் வாயால் கேட்க ஆசை. பசியில்லை என்றேன், சாப்பிட்டு முடித்த பிறகு.

மார்ச் 6
மறுபடியும் அமர்ந்துவிட்டது! கடவுள் இருக்கிறார்.

மார்ச் 7
எல்லோரும் சாப்பிடப் போனதும் காரைத் தூக்கிச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். இடது பையில் குழாய் சேரும் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. காற்று கசிய, ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரசர் சூடாகியிருக்கிறது. உழைத்தவனைத்தான் தூக்கிவிட்டார்கள்.
யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகப் பசித்தது.

மார்ச் 8
சென்சார், வயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறான். முதலாளி எல்லோர் முன்பும், "திங்கக்கிழமையும் வண்டி இப்படியே இருந்தா, நீ வேற இடம் பாத்துக்கப்பா" என்றார். அவன் காது சிவந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன் — கொட்டாவி விட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 9
"அவன் முகமே சரியில்லையே, பக்கத்துலதான இருக்கீங்க, பாத்துக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 10
கார் எழவில்லை. அவன் எல்லோர் முன்பும் என்னிடம் வந்தான். "அத்தான், எனக்குப் பிடிபடல. நீங்க ஒரு தடவ பாருங்களேன்." நான் யாரிடமாவது இப்படிக் கேட்டதுண்டா?
தூக்கினோம். நேராக அந்த இடத்துக்குப் போனால் நன்றாக இருக்காதென்று வலப்பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் டார்ச்சை இடப்பக்கம் திருப்பினான். அழுக்கேறிய பையில் ஒரே ஓர் இடம் மட்டும் பளிச்சென்று. சுற்றிக் காய்ந்த நுரையின் வெள்ளை வளையம். சோப்பு அடித்தால் துடைக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் துடைக்காமல் விட்டதில்லை.
வளையத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முதலாளியும் டாக்டரம்மாவும் வரும் பேச்சுச் சத்தம். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து வளையத்தைத் துடைத்தான்.
"அத்தான் கண்டுபிடிச்சிட்டாரு மேடம், ஜாயிண்ட்ல கசியுது."
குழாய் நுனியை வெட்டிப் புது ஜாயிண்ட் போட்டேன். உயரத்தை அவன் ஸ்கேனரில் சரிசெய்தான்.

மார்ச் 11
கார் நேராக நிற்கிறது. "இனிமே உங்ககிட்டயே தர்றேன்" என்றார் டாக்டரம்மா. "அவன்கிட்டயே குடுங்கம்மா" என்றேன், அவன் காதில் விழும்படி. அவன் நிமிரவில்லை.
மதியம் அவன் வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். என் பெஞ்சில் முழங்கைக்குத் தாராளமாக இடமிருந்தது.