சுற்றி வரும் பதில்

அன்புள்ள என் மனைவிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கவே இப்போதெல்லாம் யோசனையாக இருக்கிறது. கேட்டால், ‘இங்கே பனி கொட்டுகிறது’ என்று உன்னிடமிருந்து பதில் வரும்.

கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைச் சொல்கிறேன். அங்கே வந்தால் நாலு பேரிடம் பேச வேண்டுமே என்று, தையல் கடையை அடைத்த கையோடு ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் அல்லவா? நேற்று டீச்சர் பலகையில் ‘ஒப்ளீக்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டார். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கழுத்துப்பட்டிக்குத் துணியைக் கிராஸாக வெட்டுவோமே, அதே சாய்வு. அப்படி வெட்டிய துணி இழுத்த பக்கமெல்லாம் வளைந்து கொடுக்கும். “பேச்சுக்கும் இந்த வார்த்தையப் போடலாம். நேரா விஷயத்துக்கு வராம சுத்தி வர்ற பேச்சு. பொய் இல்ல, ஆனா கேட்டதுக்குப் பதிலும் இல்ல” என்றார். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கத்தையே நிரப்பிவிட்டேன். எல்லாம் உன் கடிதங்கள்தான். எப்போது கிளம்பட்டும் என்று கேட்டேன். குளிர் போகட்டும் என்றாய். குளிர் போனதும் கேட்டேன். அறை சின்னது என்றாய். இரண்டு பேர் படுக்க இடம் இருக்காதா என்றேன். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் நீ ஊட்டினால்தான் சாப்பிடுகிறார் என்று எழுதினாய். அவர் நன்றாகச் சாப்பிடட்டும். நான் கேட்டது அதையா? அறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஜன்னலை எடுத்து அனுப்புகிறாய்.

என் தாளைப் படித்த டீச்சர் ஒரு திருத்தம் சொன்னார். பதில், பார்வை, ஜாடைப் பேச்சு இவற்றுக்கு அந்தச் சொல்லைப் போடலாமாம். ‘என் மனைவி ஒப்ளீக்’ என்று ஆள்மேல் போடும் வழக்கம் இல்லையாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

உன் அண்ணனின் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். நீ அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். “அவளுக்கென்ன மாப்ள, நல்லாத்தான இருக்கா. டீ சொல்லட்டுமா?” என்றார். டீ வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே இந்தச் சொல் பொருந்தும் போலிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் என்னைத் திட்டாத கடிதமே உன்னிடமிருந்து வராது. ஊருக்கே சட்டை தைக்கிறவனுக்குத் தன் சட்டையை மடிக்கத் தெரியவில்லை என்பாய். இப்போது ‘தாங்கள்’, ‘தங்கள் உடல்நலம்’ என்று ஏதோ அதிகாரிக்கு எழுதுவதுபோல எழுதுகிறாய். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன்.

மாதக் கடைசியில் தையல் மெஷின்களை வாங்க ஆள் வருகிறார். கடைச் சாவியும் அன்றே கைமாறும். கொடுத்துவிட்டால் எனக்கு இங்கே தொழில் இல்லை.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று உறைத்தது. குளிர், அறை, படம் என்று நானும்தான் இத்தனை நாளும் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். நான் அங்கே வருவது உனக்கு வேண்டுமா?

வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுது. காரணம் எழுதாதே, தாங்க மாட்டேன். மெஷின்களைக் கொடுக்காமல் மறுநாள் கடையைத் திறந்துகொள்வேன். அம்மாவிடம் உன்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டேன். நீ எதை எழுதினாலும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நன்றாக இரு.

இன்றைக்கும் உன்னுடைய,
வீட்டுக்காரன்