முட்டு ரோடும் ஆத்தா தேரும்

அம்மா நவமணி, எப்படிம்மா இருக்க? மாப்பிள்ளைக்கு அந்த இருமல் விட்டுச்சா, புள்ளைங்க ஒழுங்கா சாப்பிடுதுங்களா? நானும் உங்கம்மாவும் கல்லு மாதிரி இருக்கோம், குளிருதான் கொஞ்சம் கூடுதல். நான் சொல்லச் சொல்ல உங்கண்ணி அம்சவல்லி எழுதுறா. இன்னைக்கி ஆத்தா கோயில் திருநா. தேரு இன்னும் நம்ம பக்கம் வரல, வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்தா நேரம் போவல, அதான் உன்கிட்ட பேசலாம்னு.

ஜோகூர்ல உங்க வீட்டுக்குப் பின்னாலயே மளிகைக் கட இருக்கு, குறுக்க வேலி, ஊரச் சுத்திப் போறேன்னு எழுதியிருந்த. இப்ப கட்டுற தாமான் குடியிருப்பு எல்லாமே அப்படித்தான்ம்மா. ஈப்போ பழைய டவுன்ல எந்தச் சந்துல நுழைஞ்சாலும் இன்னொரு ரோட்டுல கொண்டாந்து விட்டுரும், காப்பி வறுக்குற வாசத்தப் புடிச்சே பஸ்ஸுக்குப் போயிரலாம். கோலாலம்பூர்ல உங்க பெரியப்பா மவ கல்யாணத்துக்குப் போனப்ப பாத்தேன், டவுன விட்டுத் தள்ளித் தள்ளி வீடு கட்டிக்கிட்டே போயிருக்கான், உள்ள போக ஒரே வாய். நான் வெத்தல வாங்கப் போயி எந்த ரோட்டுல நடந்தாலும் ஒரு செவுத்துலதான் முட்டுனேன். ஒரு மலாய்க்கார அம்மா பாவம்னு கூட்டியாந்து விட்டுச்சு, அதுக்குள்ள தாலி கட்டி முடிச்சு பந்தியும் எழுந்துருச்சு. சரி, அத விடு.

அந்தத் தாமான் இப்ப நம்ம மலைக்கும் ஏறி வந்துருச்சு, அதுல ஒரு வீட்டுலதான நாமளும் இருக்கோம். எஸ்டேட் லயத்துல இருந்த வரைக்கும் தேரு வீட்டு வரிசையச் சுத்தி வரும், உங்கம்மா தாம்பாளம் குடுப்பா. வேல முடிஞ்சு லயத்த விட்டு வந்தப்புறம் அவளுக்கு ஒரே கவல. ஆத்தா வராத வாசல் எனக்கு வாசலே இல்லன்னு பால் காச்சுன அன்னைக்கே சொல்லிட்டா. கோயில் தலைவர் சின்னையாகிட்ட கேட்டேன், அதுக்கென்ன, வரும்னுட்டாரு. தேருன்னா நம்ம பக்கிரிசாமி முட்டக்கோசு ஏத்துற லோரிதான், கழுவி ஜோடிச்சுருவான். சின்னையா ஆளோட வந்து, கரண்டு கம்பி இடிக்குமான்னு மூங்கில வச்சு அளந்தாரு. எல்லாரும் மேலயே பாத்தாங்க, ரோடு எங்க போயி முடியுதுன்னு ஒருத்தனும் பாக்கல. நம்ம ரோடு அந்தச் சீனரு ஆ லோக்கோட கோசுத் தோட்டத்து வேலியில முட்டி நிக்குது, மேல் ரோடும் அந்தப் பக்கம் அதே தோட்டத்து வேலியில முட்டுது.

பக்கிரிசாமி சொன்னான், "அண்ணே, இது ஒரு விசயமாலா? உள்ள வந்துட்டு ரிவர்ஸ் எடுத்துடுறேன்." சின்னையாவுக்கு வந்துச்சே கோவம், "ஏண்டா, ஆத்தாவப் பின்னால தள்ளிக்கிட்டுப் போவியா? அவ என்னா கோசு மூட்டையா?"ன்னு புடிச்சுக்கிட்டாரு. வந்த வழியே தேரு திரும்பக் கூடாது, சுத்தித்தான் போவணும், அது நமக்கு வழக்கமாச்சே. இந்த வருசம் உங்க தாமானுக்கு வராதுன்னுட்டாரு. உங்கம்மா பெட்டியில துணிய அடுக்க ஆரம்பிச்சா. லயத்துல உங்க சித்தி வேலம்மா வீட்டுல போயி இருந்துக்கிறேங்குறா.

நான் நேரா ஆ லோக்கிட்ட போனேன். கோசு வெட்டுற வரைக்கும் பொறு, வெட்டுனப்புறம் வேலியப் பிரிச்சுக்கோ, உங்க சாமி எங்கூட்டுக்காரிக்கும் ஒரு தேங்கா குடுக்கட்டும்னு சொல்லிட்டாரு. முந்தாநேத்து வெட்டி முடிச்சாங்க. சின்னையாவும் சரின்னுட்டாரு, நேத்து நாங்க எல்லாம் சேந்து பாத்தி மேல பலக போட்டோம். மேல் ரோட்டுல நுழைஞ்சு, தோட்டத்தத் தாண்டி, நம்ம வாசல் வழியா வெளிய போவணும். ஆனா காலையில நல்ல மழ, மண்ணு களியா இருக்கு. பக்கிரிசாமி, லோரி ஏறிரும்லாங்குறான். உங்கம்மா அந்தப் பெட்டிய இன்னும் பிரிக்கல, பொடவ கட்டிக்கிட்டு கேட்டுல நிக்கிறா.

மாப்பிள்ளைக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடு, மறந்துறாத. ஆத்தா உங்க எல்லாரையும் ஒரு கொறையும் இல்லாம வச்சிருக்கணும். பள்ளிக்கூட லீவுக்குப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வா, வரும்போது... இரும்மா, உங்கம்மா கத்துறா, "ஏங்க, லோரி பலகையத் தாண்டிருச்சுங்க, ஓடியாங்க, கற்பூரத்த எங்க வச்சீங்க?"ன்னு, நான் அத...