ஒரே வயரில் இரண்டு மேஸ்திரி

ஜூன் 2, ஞாயிறு

தினம் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று காவேரி டீச்சர் சொல்லியிருக்கிறார். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எங்கள் நான்கு கிழங்களுக்கும் அவர்தான் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறார். என் பெயர் ஜடையன். வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் கொத்து வேலை. இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. ஆறட்டும்!

ஜூன் 3, திங்கள்

வீடு முழுக்கப் பெயர் எழுதிப் பசை தடவி ஒட்டினேன். அரிசி. உப்பு. கதவு. மருமகள் மோகனப்பிரியா சிரித்தாள். "யாரு மாமா படிக்கறது? எனக்கும் அவருக்கும் கன்னடந்தானே வரும்?" உண்மைதான். மகன் செந்தில்நாதனும் இந்த மைசூரில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வீட்டில் தமிழ் படிக்கிறவன் நான் ஒருவன்! நாற்காலியில் ஏறி மின்சார மீட்டருக்கும் ஒட்டினேன்.

ஜூன் 4, செவ்வாய்

மோகனப்பிரியாவின் எம்ப்ராய்டரி மிஷினுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. எட்டு வருடமாக அவள் போட்ட பூ, மயில், பள்ளிச் சட்டைப் பையில் வரும் சிங்க முத்திரை எல்லாம் அதன் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் இப்போது கரகர என்கிறது. வரும் திங்கட்கிழமை முந்நூறு சட்டை கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம் அந்தப் பள்ளி இந்தப் பக்கம் வராது.

ரிப்பேர்க்கார உமேஷ் அதே கம்பெனியின் இன்னொரு டிஸ்க் கொண்டுவந்தான். இரண்டையும் ஒரே வயரில் மாட்டி, இதில் இருப்பதை அதற்கு மாற்றுவானாம். ஏதோ திருகாணி இல்லையாம். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனான்.

அரைச் செங்கல் அளவு இருக்கின்றன. பின்னால் வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பி ஊசிகள். அவற்றின்மேல் அரிசிமணி போல ஒரு கறுப்புத் தொப்பி. பார்த்ததைப் பார்த்தபடி கீழே படம் வரைந்திருக்கிறேன். பழையதில் தொப்பி வலது ஓரம். புதியதில் இடமிருந்து இரண்டாவது.

ஒன்று கோணலாக இருந்தது. கண்ணை உறுத்தியது. நகத்தால் எடுத்து அதையும் வலது ஓரத்திலேயே வைத்தேன். இப்போது இரண்டும் ஒரே மட்டம். மேலே சீட்டும் ஒட்டினேன்: பழையது, புதியது.

ஜூன் 5, புதன்

கம்ப்யூட்டர் வெறும் கறுப்பாக நின்றுவிட்டது. இரண்டு டிஸ்க்கும் தெரியவில்லை. உமேஷ் உடனே அணைத்துவிட்டான்.

"பழசு போயிடுச்சு அக்கா. திரும்பத் திரும்பப் போட்டா உள்ளே கீறிடும். பெங்களூருக்கு அனுப்பணும்."

"எத்தனை நாள்?"

"பதினஞ்சு."

"திங்கக்கிழமை சட்டை, உமேஷ்!"

அவன் தலையைச் சொறிந்தான். "ஜம்பர்கூட நேத்தே நான் சரியா வெச்சிட்டுத்தானே போனேன்..."

ஜம்பர் என்றால் என்ன என்று கேட்டேன். "அந்தச் சின்னக் கறுப்பு மூடி, தாத்தா."

என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன்.

ஜூன் 6, வியாழன்

மோகனப்பிரியா சாப்பிடவில்லை. ஒரு பழைய சட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவல் லேப்டாப்பில் சிங்கத்தைப் புதிதாகப் போட்டுப் பார்க்கிறாள். பூனை மாதிரி வருகிறது. அழித்துவிட்டு மறுபடியும் போடுகிறாள்.

செந்தில் ஷிப்ட் முடிந்து வந்து கத்தினான். "அந்த உமேஷ் கை வெச்சாலே இப்படித்தான். இனி வாசப்படி ஏறக்கூடாது அவன்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் தப்பு பண்ணலையே. ஏண்டா ஜடையா, உனக்கு வாய் வரல? படிச்ச கிழவன் படிச்சுக் கெடுத்தான்னு சிரிப்பாங்கன்னா? சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடுவாங்கன்னா? அதுக்குத்தானா பயம்? தூ.

ஜூன் 7, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 8, சனி

உமேஷ் வந்தான். உள்ளே ஏறவில்லை. டிஸ்க்கை வாங்கிப் பெங்களூர் பஸ்ஸுக்குக் கொண்டுபோக வாசலிலேயே நின்றான். மோகனப்பிரியா அதைத் துணியில் சுற்றினாள், குழந்தையைச் சுற்றுவது போல.

"நான்தான் அம்மிணி அந்தக் கறுப்பு மூடிய நகத்தினேன்" என்றேன்.

உமேஷ் செருப்போடு உள்ளே வந்துவிட்டான். தொப்பி எங்கே இருக்க வேண்டும் என்று டிஸ்க்கின் மேலேயே படம் அச்சடித்திருக்குமாம். அதன்மேல்தான் என் சீட்டு! பிய்த்தான். படமும் சேர்ந்து உரிந்து வந்தது.

"இது பழைய சாமான் சந்தையில வாங்கினது, படத்தைப் பார்த்துத்தான் வெச்சேன், எந்த இடம்னு எனக்கும் ஞாபகமில்லையே! எங்கே இருந்தது தாத்தா?"

இந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மோகனப்பிரியா படத்தைப் பார்த்தாள். "கீழே என்ன எழுதியிருக்கீங்க? படிங்க மாமா."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன். "ஒன்று கோணலாக இருந்தது. கண்ணை உறுத்தியது." யாரும் சிரிக்கவில்லை.

உமேஷ்தான் பேசினான். "ஒரே வயர்ல ரெண்டு இருந்தா, ஒண்ணு பெரியவன், ஒண்ணு சின்னவன். இந்த மூடிதான் அதைச் சொல்லும். நீங்க ரெண்டையும் பெரியவனாக்கிட்டீங்க."

ஒரே சாரத்தில் இரண்டு மேஸ்திரி. எந்தச் சுவர் எழும்பும்? இதைக்கூட அறியாமல் மட்டம் பார்த்திருக்கிறேன்.

தொப்பியை என் படத்தின்படி வைத்தான். இந்தத் தடவை இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன. பழையதில் அதே கரகர சத்தம் வந்தது. அதைக் கேட்டு அவள் அழுதாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து மிஷின் ஓடுகிறது. சிங்கம் சிங்கமாகவே வருகிறது. இந்த வருடத்து மயில் மட்டும் வரவில்லை. பழைய டிஸ்க் பாதியில் நின்றேவிட்டது. பெங்களூர் போயிருந்தால் மயிலும் வந்திருக்குமா? உமேஷிடம் கேட்டேன். தெரியாது என்றான். செந்தில் அவனுக்குத் தன் கையால் டீ கொடுத்தான். என்னோடு இன்னும் பேசவில்லை.

மதியம் மோகனப்பிரியா ஒரு சீட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். "கம்ப்யூட்டர் மேல ஒட்டணும். 'தொடாதீங்க'ன்னு எழுதுங்க மாமா. மரியாதையாவே எழுதுங்க."

எழுதினேன். ஒட்டும் இடத்தில் அச்சடித்த படம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு ஒட்டினேன். இந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.