புயலில் தாமதமான கப்பலும் உன் ஒரு மார்க்கும்

அன்பு மச்சான் யூசுப்,

நீ ஜெயித்துவிட்டாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த நாம் இருவரும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு ஒன்றாகத்தானே பரீட்சை எழுதினோம்? நான் நிறைய மார்க்கில் கோட்டைவிட்டேன். நீ ஒரே ஒரு மார்க்கில். 'புயல் காரணமாகக் கப்பல் தாமதமாக வந்தது' என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீ 'ஓயிங் டு' என்று எழுதினாய். தாள் திருத்தியவர்கள் அதை அடித்து 'டியூ டு' என்று மாற்றினார்கள்.

"தாமதம்னு பெயர்ச்சொல் இருந்தா அதோட 'டியூ டு' ஒட்டும். இங்க வந்ததுன்னு வினைதானே இருக்கு? 'ஓயிங் டு'தான் சரிலா" என்றாய். பெரிய கிராணியிடமும் போய்ச் சொன்னாய். தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அடுத்த மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஒரு மார்க்கை நினைத்துக்கொண்டேதான் போனாயா?

இந்த வருஷம் மறுபடி எழுதினேன். அதே கேள்வி. அவர்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்தும் உன் விடையையே எழுதினேன். அதற்குச் சிவப்புக் கோடு விழுந்தது. ஆனாலும் தேறிவிட்டேன், மச்சான். பேசாமல் இருந்திருக்கலாம். கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று பெரிய கிராணியும் எச்சரித்தார். நான் நேரே புதிதாக வந்திருக்கும் துரையிடம் போய், நீ சொன்னதை அப்படியே சொன்னேன்.

துரை அலமாரியிலிருந்து இலக்கணப் புத்தகத்தை எடுத்தார். படித்த பக்கத்தையே திரும்பவும் படித்தார். பிறகு உன் பழைய விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, தன் பேனாவாலேயே அதிலிருந்த சிவப்புக் கோட்டை அடித்தார். தப்பு எங்களுடையது என்றார்.

நேற்று தேறியவர்கள் பட்டியலில் உன் பெயரும் ஒட்டப்பட்டது. என் தங்கை மைமூனை அழைத்துப்போய்க் காட்டினேன். உன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அவங்க சொன்னது சரிதானேண்ணே?"

"சரிதாம்மா. துரையே ஒத்துக்கிட்டாரு."

நீ போன பிறகு அவள் சிரித்து நேற்றுதான் பார்த்தேன்.

உன் மகள் ஜமீலாவை அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். டீச்சர் சொல்வது தப்பென்று அவளுக்குப் பட்டால், எழுந்து நின்று சொல்லட்டும். கூப்பிட்டு விசாரித்தால் அவள் பக்கத்தில் நான் போய் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மைத்துனன், ஜமீலாவின் மாமா,
காதர்